சூடு வைத்த வடு அல்ல அது

அனுப்புநர்:
மு. ராசு (வயது 51),
த/பெ முத்தன்,
ஈச்சங்காட்டுக் கொட்டாய்,
கச்சிராயபாளையம் வழி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: எங்கள் கொட்டாயைச் சேர்ந்த திருமதி ராஜாம்பாள் மீது நான் கொடுத்த புகார் தவறானது என ஒப்புக்கொள்வதும், உண்ணிக் காய்ச்சலில் ஆறாம் நாளாகக் கிடக்கும் அவரைக் காப்பாற்ற இம்மனுவின் நகலில் இன்றே அலுவலக முத்திரை வேண்டுவதும் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் அளித்த மனு, நாள் 17.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. காலையில் முதல் டவுன் பஸ்சிலேயே ஏறி வந்து இந்த வரிசையில் நிற்கிறேன். மனு நீளமாக இருக்கிறது. தங்களுக்கு நேரம் இல்லையென்றால் பத்தி 15-ஐ மட்டும் முதலில் படித்து, அதில் கேட்டிருக்கும் முத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மற்றதைச் சாவகாசமாகப் படிக்கலாம். ஒரு பெண் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே காய்ச்சலில் கிடக்கிறார். யார் கூப்பிட்டும் திறக்கவில்லை. அவர் அப்படிக் கிடப்பதற்குக் காரணம் இந்த மனுதாரராகிய நான்.

2. நான் கரும்பு வெட்டும் கூலி ஆட்களுக்கு மேஸ்திரியாக இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். எங்கள் கொட்டாயில் முப்பத்தெட்டு வீடுகள். முதியோர் உதவித்தொகைக்கும், தெருவிளக்குக்கும், குடிதண்ணீர்க் குழாய்க்கும் யார் மனு கொடுப்பதானாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். எழுதிய மனுக்களில் பாதிக்கு மேல் இன்னும் பதில் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்ல இன்று வரவில்லை. நான் எழுதியதிலேயே இரண்டே நாளில் வேலை நடந்த மனு ஒன்றுதான் உண்டு. மேலே பார்வையில் குறிப்பிட்டிருப்பது அதுதான். அது நடக்காமலே போயிருக்கலாம்.

3. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பொங்கல் முடிந்ததும் கரும்பு வெட்டு இல்லாத நாட்களில் எங்கள் பெண்கள் கல்வராயன் மலை அடிவாரத்துக்குத் துடைப்பப் புல் அறுக்கப் போவார்கள். இந்த வருடமும் சனவரி 20 முதல் 25 வரை ஆறு நாட்கள் பதினொரு பேர் போனார்கள். என் மனைவி கொளஞ்சியம்மாள் (வயது 44) அதில் ஒருத்தி. புல் இடுப்பளவு நிற்கும். உள்ளே எலி வளைகள் நிறைய. பாம்புக்குப் பயந்து கம்பால் தட்டிக்கொண்டே அறுப்பார்கள். பாம்பு ஒன்றுதான் பயம். வேறு எதற்கும் பயப்பட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

4. எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வது தங்களுக்குத் தெரிந்திருக்கும். கொளஞ்சி போட்டது என் பழைய நீலச் சட்டை. மத்தியானம் சோற்று நேரத்தில் வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றி அறுத்த புல் மேலேயே விரித்து, அதன் மேல் கொஞ்ச நேரம் சாய்வார்கள். பிறகு அதையே உதறிப் போட்டுக்கொள்வார்கள். நாளைக்கும் அதே தூசிதானே என்று ஆறு நாளும் துவைக்க மாட்டார்கள், ஆணியில் மாட்டிவைத்துக் கடைசி நாள்தான் துவைப்பார்கள். தண்ணீர்க் கஷ்டமும் ஒரு காரணம். இதில் என்ன கெடுதல் இருக்கிறது என்று நான் கேட்டிருப்பேன். இன்று கேட்க மாட்டேன்.

5. பிப்ரவரி 1, சனிக்கிழமை கொளஞ்சிக்குக் காய்ச்சல் வந்தது. தலையைப் பிளக்கிற வலி. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்றாள். மறுநாள் அவளுக்கு உடம்பு துடைத்துவிடும்போது, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு புண்ணைப் பார்த்தேன். உளுத்தம்பருப்பு அளவு. நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்புப் பட்டதுபோல் இருந்தது. வலிக்கிறதா என்றால் இல்லை, அரிக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது வந்ததே தெரியாது என்றாள். அவளை நான் நம்பவில்லை.

6. ஏன் நம்பவில்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். ராஜாம்பாள் (வயது சுமார் 60) எங்கள் கொட்டாயின் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர், கணவர் இல்லை. எனக்குச் சின்னம்மா முறை. களை எடுப்பதும் நாற்று நடுவதும்தான் அவருக்குப் பிழைப்பு. அதோடு குழந்தைகளுக்கு மாந்தம் என்றாலும், பெரியவர்களுக்கு மஞ்சள்காமாலை என்றாலும் சூடு வைப்பார். விரலி மஞ்சளின் நுனியை விளக்கில் காட்டி, கனிந்ததும் வயிற்றிலோ இடுப்பிலோ ஒரு கணம் ஒற்றி எடுப்பார். அந்த இடத்தில் உளுந்து அளவுக்குக் கருப்பாக ஒரு வடு நிற்கும். கூலியாக வெற்றிலை பாக்கு வாங்குவார், அவ்வளவுதான். சூடு வைப்பது சரியென்று வாதாட நான் வரவில்லை. அது தவறு.

7. இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வேறொரு ஊரில் சூடு வைத்த குழந்தைக்குப் புண் சீழ் பிடித்துப் போனதாம். இனி சூடு வைப்பவர் மீதும், வைக்கச் சொல்பவர் மீதும் போலீஸ் கேஸ் வரும் என்று கிராம சுகாதார செவிலியர் அம்மா எச்சரித்தார். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். நாங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டதுதான் வேறு. சூடு வைப்பதை நாங்கள் நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் வடுவைக் காட்டாமல் மறைக்கக் கற்றுக்கொண்டோம். கொட்டாயில் மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், டாக்டர் கேட்டால் சட்டையை இழுத்து விட்டுக்கொள்ள வேண்டும் என்று.

8. ஆகவே கொளஞ்சியின் இடுப்பில் அந்தக் கருப்பைப் பார்த்ததும், காய்ச்சலுக்கு எனக்குத் தெரியாமல் சின்னம்மாவிடம் போய்ச் சூடு வைத்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாதவளை நிற்கவைத்துத் திட்டினேன். அவள் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "நான் அவங்க வூட்டுப் பக்கமே போவலய்யா, இன்னாத்துக்கு என்ன நம்ப மாட்ற" என்று அழுதாள். நான் கேட்கவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தால் பார் என்று மட்டும் சொன்னேன்.

9. பிப்ரவரி 3 அன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த இளம் மருத்துவர் பொறுமையாகத்தான் பார்த்தார். எங்கே வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டார். புல் அறுக்கப் போனதைச் சொன்னோம். உடனே நிமிர்ந்து பார்த்து, "உடம்பில எங்கயாவது கருப்பா, பொருக்குத் தட்டின மாதிரி புண்ணு இருக்கா?" என்று கேட்டார். ஐயா, அவர் கேட்டது சரியான கேள்வி. அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்திருந்தால் என் மனைவி இன்று வீட்டில் இருப்பாள். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டு, "அப்படி ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். அவர் மறுபடியும் ஒரு தடவை கேட்டார். மறுபடியும் நானே சொன்னேன். கொளஞ்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்து, குறையாவிட்டால் இரண்டு நாளில் வரச் சொன்னார்கள். மருத்துவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

10. அந்த வடுவைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறுபடி அங்கே போகவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினோம். கண் மஞ்சளாகியது. 7-ஆம் தேதி மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். அங்கே உடை மாற்றிய செவிலியர் வடுவைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று அதட்டலாகக் கேட்டார். இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும், "சூடு வெச்சிக்கினா, எனக்குத் தெரியாது" என்றேன். என் வாயால் சொன்னது சீட்டில் ஏறியது. 'நாட்டு மருத்துவம், சூடு வைத்த தழும்பு' என்று எழுதினார்கள். 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை கொளஞ்சி இறந்துபோனாள். காய்ச்சல் தொடங்கி ஒன்பதாம் நாள். கடைசியாக அவள் என்னிடம் பேசியது 6-ஆம் தேதி. தண்ணீர் கேட்டாள்.

11. துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் ராஜாம்பாள்தான் கொன்றுவிட்டார் என்று சொன்னேன். எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது ஐயா. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அந்த வடுவைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை ஆதாரமாக இணைத்து 17-ஆம் தேதி தங்களிடம் மனு கொடுத்தேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளையும் அதில் போட்டேன். மூடநம்பிக்கையால் ஓர் ஏழைப் பெண்ணின் உயிரைப் பறித்தவர் என்று எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். 19-ஆம் தேதி போலீசார் வந்து ராஜாம்பாளை அழைத்துப் போனார்கள். சாயந்திரம் வரை உட்காரவைத்து விசாரித்துவிட்டு, எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இருந்த விரலி மஞ்சளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார்கள். அவர் தெருவில் நடந்து வந்து என் வீட்டின் முன்னே நின்று, "உம் பொண்டாட்டி மேல என் நெழலுகூட வுழல ராசு" என்று சொன்னார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

12. அதற்குப் பிறகு அவரை யாரும் களை எடுக்கக் கூப்பிடவில்லை. நடவுக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். கூலியாட்களுக்கு மேஸ்திரி நான். நான் சொல்லாமலே அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் நான்தான் சொன்னேன். வேறு வழியில்லாமல் அவர் 20-ஆம் தேதியிலிருந்து தனியாக அதே அடிவாரத்துக்குப் புல் அறுக்கப் போனார். பதினொரு பேர் சேர்ந்து போன இடத்துக்கு அறுபது வயதில் ஒற்றை ஆளாகப் போய்க்கொண்டிருந்தார்.

13. உண்மை எனக்குத் தெரிந்த விதம் இதுதான். என் மனைவியோடு புல் அறுத்த இருசம்மாள் என்பவர், அவள் இறந்த பிறகும் புல்லுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் பிப்ரவரி 24 வாக்கில் காய்ச்சல் வந்தது. அவர் அக்குளிலும் அதேபோல் கருப்புப் பொருக்கு. எங்கே தன்னையும் விசாரணைக்கு இழுத்துவிடுவார்களோ என்று பயந்து, களமருதூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அது தெரிந்ததும் மார்ச் 1 அன்று அங்கே போனேன். உடம்பு விசாரிக்கப் போகவில்லை. ராஜாம்பாளுக்கு எதிராக இரண்டாவது சாட்சி கிடைத்தது என்று போனேன். போனால் இருசம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண் மருத்துவர் பொருக்கைப் பார்த்ததுமே உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி, டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை கொடுத்தாராம். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. நான் நம்பாமல் அந்த மருத்துவரையே தேடிப் போய், செல்போனில் இருந்த என் மனைவியின் வடுவைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். இதைக் காய்ச்சல் வந்த எத்தனையாவது நாளில் பார்த்தீர்கள் என்று கேட்டார். இரண்டாம் நாள் என்றேன்.  அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

14. அவர் சொன்னதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். எங்கள் ஆட்கள் யாருக்கும் இது தெரியாது. உண்ணி என்றால் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஊதிப்போய்த் தொங்குவது என்றுதான் நினைத்திருந்தோம். இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிப் பூச்சியாம். எலி நடமாடும் புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும். துணி மேல் ஏறி, உடம்பில் துணி இறுக்கிப் பிடிக்கும் இடமாகப் பார்த்து, இடுப்பிலும் அக்குளிலும் காது மடலுக்குப் பின்னாலும் கடிக்கும். கடிக்கும்போது வலிக்காது. பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதற்குள் கடிபட்டதே மறந்துபோகும். முதல் சில நாட்களுக்குள் மாத்திரை கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள், நாள் தள்ளினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும்.
வராமல் தடுப்பதும் பெரிய வித்தை இல்லை என்றார். கழற்றிய துணியைப் புல் மேலே போடக் கூடாது, தரையில் சாய்வதானால் தார்ப்பாய் விரித்துச் சாய வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டு, கொசுவுக்குப் பூசும் களிம்பைக் கை கால்களில் பூசிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நாடா கட்டும் இடம், அக்குள், காதுக்குப் பின்னால் என்று ஒருவருக்கொருவர் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய உண்ணி ஒட்டியிருந்தால் நாங்கள் பீடி நெருப்பை வைப்போம், மண்ணெண்ணெய் விடுவோம். இரண்டும் கூடாதாம். முள்வாங்கியால் தோலோடு ஒட்டினாற்போல் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இவ்வளவுதான் ஐயா. வெந்நீரும் சோப்பும். இதற்கு எங்களிடம் வக்கில்லாமல் போகவில்லை, தெரியாமல் போனது.

15. இப்போது நடந்துகொண்டிருப்பது இது. மார்ச் 5, புதன்கிழமை முதல் ராஜாம்பாளுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை, குணமாகி ஊர் திரும்பியிருந்த இருசம்மாள் சன்னல் வழியாகத் தண்ணீர் கொடுக்கும்போது, அவர் காதுக்குப் பின்னால் அதே கருப்புப் பொருக்கைப் பார்த்திருக்கிறார். அன்றே 108 வண்டியை வரவழைத்தோம். அவர் கதவைத் திறக்கவில்லை. எனக்கு வைத்தியம் வேண்டாம் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டதால் வண்டி திரும்பிப் போய்விட்டது. செவிலியர் அம்மாவும் வந்து சன்னல் வழியாக மாத்திரை நீட்டிப் பார்த்தார், வாங்கவில்லை. கதவை உடைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உடைத்தால் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொள்வேன் என்று அவர் சொன்னதால் விட்டுவிட்டோம். நேற்று பகல் முழுவதும் அவர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் ஒரே ஒரு முறை பதில் சொன்னார்: "அன்னிக்கு நீ எழுதின காயிதம் போலீச இட்டாந்துச்சி. இப்ப இந்தக் கருப்போட ஆஸ்பத்திரிக்கு வந்தா, கெயவி தனக்கே சூடு வெச்சிக்கினான்னு எழுதி உள்ள வெப்பாங்க. நான் வெக்கலன்னு நீயே எழுதி, அதுல கலெக்டர் ஆபீசு சீலு குத்தி எடுத்துக்கினு வா. அப்ப தெறக்கறேன்." அதற்குப் பிறகு இருமல் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆகவே இந்த மனுவின் நகல் ஒன்றில், 'பெறப்பட்டது' என்று அலுவலக முத்திரையும் தேதியும் இட்டு, இப்போதே என் கையில் கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். என் மனைவி ஒன்பதாம் நாள் போனாள். ராஜாம்பாளுக்கு இன்று ஆறாம் நாள்.

16. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்ச் 1 அன்றே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. 3-ஆம் தேதி திங்கட்கிழமையே நான் இங்கே வந்திருக்கலாம். வரவில்லை. ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில்தான் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான் முன்பே பேசியிருந்தால் முதல் நாளே கதவைத் திறந்திருப்பார். வெட்கம் கெட்டவன் என்று என்னைச் சொன்னால் அது சரியில்லை. இருக்கக் கூடாத நேரத்தில் எனக்கு வெட்கம் இருந்தது, அதுதான் குற்றம்.

17. எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

(அ) முத்திரையிட்ட நகலோடு நான் ஊர் போய்ச் சேரும் நேரத்துக்கு, ஒரு பெண் மருத்துவரையும் 108 வண்டியையும் எங்கள் கொட்டாய்க்கு அனுப்ப வேண்டும். சீருடை போட்ட போலீசார் யாரும் கூட வர வேண்டாம். பார்த்தால் அவர் மறுபடி தாழ் போட்டுவிடுவார்.

(ஆ) 17.02.2025 நாளிட்ட என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அதில் ராஜாம்பாள் என் மனைவிக்குச் சூடு வைத்தார் என்று எழுதியது முழுவதும் பொய். அவர் என் மனைவியைத் தொடவே இல்லை. காவல் துறைக்கு இதைத் தெரிவித்து, அவர் மீதான விசாரணையை முடித்துவைக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்ததற்காக என் மீது என்ன நடவடிக்கை உண்டோ அதை எடுக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

(இ) என் மனைவியின் சிகிச்சைக் குறிப்பில் 'சூடு வைத்த தழும்பு' என்றிருப்பதை நீக்க வேண்டும். அது என் பொய், மருத்துவமனையின் தவறு அல்ல. அவள் சொன்னது உண்மை என்று ஒரு காகிதத்திலாவது இருக்க வேண்டும்.

(ஈ) காய்ச்சலோடு வரும் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கருப்புப் புண் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்பு, "சூடு வைத்ததைப் பற்றிக் கேட்கவில்லை, வைத்திருந்தாலும் கேஸ் போடமாட்டோம், பூச்சிக்கடியைத்தான் தேடுகிறோம்" என்று சொல்லச் செய்ய வேண்டும். கணவனை வெளியே நிற்கவைத்துவிட்டு, ஒரு செவிலியர் அம்மா மறைப்புக்குள் வைத்து உடம்பைப் பார்க்க வேண்டும். கணவன் சொல்லும் பதிலை எழுதக் கூடாது. இதை ஒரு கணவனாகவே கேட்கிறேன்.

(உ) அடுத்த ஆண்டு புல் அறுப்புத் தொடங்குமுன் மலையடிவாரக் கொட்டாய்கள் எல்லாவற்றிலும் ஆட்டோவில் மைக் கட்டி, பத்தி 14-இல் உள்ளதை எங்களுக்குப் புரியும் பேச்சில் சொல்ல வேண்டும். எங்கள் கொட்டாயில் சொல்வதற்கு ஆள் தேவையில்லை. வீடு வீடாகப் போய் நானே சொல்வேன். கேட்பார்களோ, என் மூஞ்சியில் துப்புவார்களோ, போய்ச் சொல்வேன்.

18. ராஜாம்பாளிடம் மன்னிப்பு வாங்கித் தரும்படி தங்களைக் கேட்கவில்லை. அது அரசாங்கத்தால் ஆகிற காரியம் இல்லை. பிழைத்தெழுந்து, அவர் என்னைத் தெருவில் நிற்கவைத்துச் செருப்பால் அடிக்கட்டும். அதற்கு அவருக்குத் தெம்பு வர வேண்டும். பதினொன்றரைக்குக் கச்சிராயபாளையம் பஸ் இருக்கிறது. அதை விட்டால் அடுத்தது இரண்டு மணிக்குத்தான். எனக்கு முன்னால் வரிசையில் நிற்கும் இருபத்தாறு பேரிடமும் விவரம் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அத்தனை பேரும் என்னை முன்னே போகச் சொல்லிவிட்டார்கள். தாங்களும் தாமதம் செய்யாமல் அந்த முத்திரையைக் கொடுத்து அனுப்புவீர்கள் என்று நம்பி நிற்கிறேன்.

இப்படிக்கு,
(மு. ராசு)

நாள்: 10.03.2025
இடம்: கள்ளக்குறிச்சி

இணைப்பு:
1. 17.02.2025 நாளிட்ட மனுவின் ரசீது.
2. கொளஞ்சியம்மாளின் ஆஸ்பத்திரிச் சீட்டு, நகல்.
3. இருசம்மாளின் மருந்துச் சீட்டு, நகல்.

நகல்:
1. துணை இயக்குநர் அவர்கள், சுகாதாரப் பணிகள்.
2. காவல் ஆய்வாளர் அவர்கள்.
3. திருமதி ராஜாம்பாள், கடைசி வீடு, ஈச்சங்காட்டுக் கொட்டாய். (அவருக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையிட்ட இந்த நகலை அவர் வாசலில் நின்று, ஊரார் முன்னிலையில், ஒரு வரி விடாமல் நானே சத்தமாகப் படிப்பேன். அவருக்குக் காதில் விழும் நிலை இருக்க வேண்டும்.)